ரத்தக் காக்கிளா, அசல் காக்கிளா? கிளிஞ்சலை இனம்காண முழுமையான வழிகாட்டி

காக்கிள் என்ற ஒரே பெயரில் இரண்டு கிளிஞ்சல் குடும்பங்கள் புழங்குகின்றன. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சார் குவே தியாவ் என்ற வறுத்த நூடுல்ஸில் போடுகிற கெராங்கும், ஆந்திராவின் காக்கிநாடா விரிகுடாச் சேற்றிலிருந்து அள்ளப்படுவதும் ரத்தக் காக்கிள், ஆர்சிடே குடும்பம். இங்கிலாந்தில் தேம்ஸ் முகத்துவாரத்தில் அள்ளப்படுவது கார்டியிடே குடும்பம்; உயிரியலில் காக்கிள் என்றால் இதுதான். இரண்டுக்கும் முதுகில் தடித்த வரிகள் உண்டு, இரண்டும் உப்பிய உருவம், இரட்டை ஓட்டைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் இரண்டுமே இதய வடிவம்.

புதிதாக வருகிறவர்கள் முதுகைப் படம் எடுத்து, ஏதாவது செயலியில் பெயர் கேட்கிறார்கள். குடும்பத்தை முடிவு செய்யும் அடையாளங்கள் எல்லாம் ஓட்டின் உட்புறத்தில் இருக்கின்றன. அதனால் கீழே சொல்லும் படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம்: முதலில் கீல் (இரண்டு ஓடுகளும் பூட்டிக்கொள்ளும் இடம்), பிறகு தழும்பு (தசை ஒட்டியிருந்த தடம்), கடைசியாகத்தான் முதுகு வரி.

1. முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று அவசியம். கீல் பற்களின் எண்ணிக்கையையும், மேன்டில் கோட்டின் (உடலைப் போர்த்திய சவ்வு உள்ளே ஒட்டியிருந்த தடம்) வளைவையும் வெறும் கண்ணால் பார்த்து உறுதி சொல்ல முடியாது. விலை உயர்ந்தது வேண்டாம். நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போதும்.

அளப்பதற்கு வெர்னியர் காலிப்பர், கழுவுவதற்குப் பழைய பல் துலக்கும் பிரஷ், எழுத மென்மையான பென்சில், சிறிய பிளாஸ்டிக் பைகள், சின்னச் சின்னச் சீட்டுக் காகிதங்கள். பேனா வேண்டாம். ஈரம் பட்டால் மை கரைந்துவிடும், இடமும் தேதியும் தெரியாத கிளிஞ்சல் ஆராய்ச்சிக்குப் பயன்படாது.

பக்கவாட்டிலிருந்து ஒளி விழும் ஒரு மேசை விளக்கு இருந்தால் இன்னும் நல்லது. நேர் வெளிச்சத்தில் உட்புறத் தழும்புகள் மறைந்துவிடும். சாய்ந்த ஒளியில்தான் அவற்றின் விளிம்பு நிழல் விட்டுத் தெரியும்.

2. எதைப் பொறுக்குவது, எங்கே பொறுக்குவது

ஒற்றை ஓட்டைவிட, கீலில் இன்னும் ஒட்டியிருக்கும் ஜோடி பல மடங்கு மதிப்புள்ளது. சில ஆர்சிடே வகைகளில் இடது ஓடு வலது ஓட்டைவிடப் பெரியது. மூடும்போது இடதின் விளிம்பு வலதைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். அனடாரா இனெக்விவால்விஸ் என்ற இனத்தை அடையாளம் காண இது ஒரு முக்கியச் சான்று. ஒற்றை ஓட்டில் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

ஆறு கடலில் கலக்கும் இடத்துச் சேற்று மேடுகள் ரத்தக் காக்கிளின் வீடு. திறந்த மணற்கரைகளில் அலை ஒதுக்கிய ஓடுகள் கிடைக்கும். ஆனால் பெரும்பாலும் தேய்ந்திருக்கும். மீன்பிடி இறங்குதளத்தில் வலையிலிருந்து உதறிய குப்பையைக் கிளறினால், சற்று ஆழத்தில் வாழும் கார்டியிடே வகைகள் முழு ஜோடியாகவே கிடைப்பதுண்டு. நேரம் குறைவாக இருப்பவர்கள் நேராக அங்கே போகலாம்.

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் தீவுகளில் எதையும் பொறுக்கக் கூடாது; காலி ஓடாக இருந்தாலும் சரி. ராட்சதச் சிப்பிகள் சட்டப் பாதுகாப்பு பெற்றவை. அவற்றைக் கையில் எடுத்து, பிறகு விவரம் விசாரிப்பதில் பொருளில்லை.

3. கழுவுதல்

நல்ல தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, பிரஷால் மெதுவாகத் தேய்த்தால் போதும். இங்கே நடக்கும் தவறு வேகம். வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றிப் பளபளப்பாக்க நினைப்பார்கள். இந்த ஓடுகள் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. அமிலம் பட்டவுடன் கரையத் தொடங்கும், முதலில் போவது வரிகளின் மேலுள்ள நுண்ணிய மணிகளும் செதில்களும்தான். இனத்தைச் சொல்ல வேண்டிய சான்றே அதோடு போய்விடும்.

ப்ளீச்சிங் திரவமும் வேண்டாம். ஓட்டின் மேல் பழுப்பு நிறத்தில் ஒரு மெல்லிய தோல் இருக்கும்; சில ஆர்சிடே வகைகளில் அது மயிர்கள் அடர்ந்த விரிப்பாகவே இருக்கும். அழுக்கு என்று நினைத்து அதை உரித்துவிடுகிறார்கள். அது உயிருடன் இருந்தபோது விலங்கே சுரந்த மேலுறை. அப்படியே விடுங்கள்.

4. முன், பின், இடது, வலது

இந்தப் படியைத் தாண்டிவிட்டுப் போகிறவர்கள் பிறகு எல்லா அடையாளத்தையும் தலைகீழாக எழுதுவார்கள்.

ஓட்டின் மேற்பகுதியில் மூக்காகக் கூம்பி நிற்பது உச்சி. விலங்கு வளரத் தொடங்கியது அங்கிருந்துதான். ஓட்டை உட்புறம் உங்களைப் பார்க்கும்படியும் உச்சி மேலே இருக்கும்படியும் பிடியுங்கள். கார்டியிடேயில் இரு ஓடுகளையும் இணைக்கும் கருநிற நார், உச்சிக்குப் பின்பக்கம் மட்டுமே இருக்கும். நார் உள்ள பக்கம் பின்பக்கம் என்று எழுதிவிடலாம்.

ஆர்சிடேயில் (நேரான கீல், சீப்பைப் போன்ற பற்கள்; படி 5-இல் விவரம்) இந்த விதி செல்லாது. அங்கே நார், இரண்டு உச்சிகளுக்கும் நடுவே உள்ள தட்டையான பட்டையில் உச்சியின் இருபுறமும் பரவியிருக்கும். அங்கே தழும்புகளைப் பாருங்கள்: பின்பக்கத் தசைத் தழும்பு முன்பக்கத்தைவிடப் பெரியது. ஓட்டின் பின்பகுதி சற்று நீண்டு, சரிவாக வெட்டுப்பட்டிருக்கும். முன்பகுதி குறுகி உருண்டிருக்கும்.

முன்பக்கம் தெரிந்ததும், மூடிய ஜோடியை உச்சி வானத்தைப் பார்க்க, முன்பக்கம் உங்களை விட்டு விலகி இருக்கும்படி பிடியுங்கள். இப்போது உங்கள் இடதுகைப் பக்கம் இருப்பது இடது ஓடு. ஒற்றை ஓடாக இருந்தாலும் இதே நிலையில் பிடித்தே முடிவு செய்யலாம்.

5. கீல்: எல்லாமே இங்கேதான் முடிவாகிறது

உச்சிக்கு நேர் கீழே, ஓட்டின் உள்விளிம்பில் இருக்கும் தடித்த பகுதிதான் கீல். இரண்டு ஓடுகளும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் பற்கள் இங்கே இருக்கின்றன. பூட்டு நழுவினால் நண்டு ஓட்டைப் பிரித்துவிடும். அதனால் முதுகின் நிறமும் அலங்காரமும் ஓர் இனத்துக்குள்ளேயே மாறினாலும், கீலின் அமைப்பு குடும்ப அளவில் பெரும்பாலும் மாறாமல் நிற்கிறது. வகைப்பாட்டில் இதற்கு முதலிடம் கிடைத்த காரணம் இதுதான்.

லென்ஸைக் கண்ணுக்கு அருகில் பிடித்து, ஓட்டை லென்ஸை நோக்கிக் கொண்டுவாருங்கள். கீலில் மண் ஒட்டியிருந்தால் மரக்குச்சியால் எடுங்கள், ஊசி கீறிவிடும். கீழ்க்காணும் நான்கில் எது தெரிகிறது என்று பாருங்கள்.

நேர்கோடாக ஓடும் கீல், அதன் நீளம் முழுக்கச் சீப்பைப் போல ஏராளமான சிறு பற்கள்: இது ஆர்சிடே. நடுவில் பற்கள் சிறுத்தும் ஓரங்களுக்குப் போகப்போகப் பெரிதாகியும் இருக்கும். ரத்தக் காக்கிள், அனடாரா வகைகள் எல்லாம் இங்கே வருகின்றன. இந்த அமைப்பு கார்டியிடேயில் ஒருபோதும் கிடையாது. ஆகவே இதைக் கண்ட கணத்தில் பாதி வேலை முடிந்தது.

வளைந்த கீல், உச்சிக்குக் கீழே கூம்பு வடிவில் இரண்டு பற்கள், அவற்றிலிருந்து விலகி முன்னும் பின்னும் தனித்த பக்கப் பற்கள்: இது கார்டியிடே. ஓடுகள் மூடும்போது நடுப்பற்கள் ஒன்றுக்கொன்று குறுக்காக விழும். பக்கப் பற்கள் தொலைவில் இருப்பதால் அவற்றைத் தேய்மானம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். விரல் நுனியால் தடவினாலே அவை தட்டுப்படும்.

உச்சிக்குக் கீழே மூன்று நடுப்பற்கள்: இது வெனரிடே, அதாவது மட்டி குடும்பம். மட்டிகளில் பெரும்பாலானவை வழுவழுப்பானவை என்பதால் குழப்பம் வராது. ஆனால் காஃப்ராரியம் என்ற பேரினத்துக்கு முதுகில் மணி கோத்த வரிகள் உண்டு, உள்விளிம்பிலும் பற்கள் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் குட்டிக் காக்கிள் என்றே தோன்றும். பல்லை எண்ணினால் மூன்று வரும்.

உச்சி முன்கோடியை ஒட்டியிருக்க, அதிலிருந்து பின்னோக்கிச் சாய்ந்து ஓடும் நீண்ட, தடித்த பற்கள்: இது கார்டிடிடே. பெயரும் உருவமும் கார்டியிடேயோடு குழம்பும்படி இருப்பதால், மாணவர்களின் குறிப்பேடுகளில் இந்த இரண்டும் இடம் மாறிக் கிடப்பதை அடிக்கடி பார்க்கிறேன். எழுத்தை நம்பாமல் பக்கத்தில் பல்லின் படத்தையும் வரைந்துவையுங்கள். மோசமாக வரைந்தாலும் பரவாயில்லை.

நான்கில் எதுவுமே பொருந்தாமல், உச்சியின் இருபுறமும் காதுகள் நீட்டியபடி, உள்ளே ஒரே ஒரு பெரிய தசைத் தழும்பு இருந்தால் அது விசிறிச் சிப்பி. வரிகள் இருப்பதால் உங்கள் பையில் ஏறியிருக்கும். தனியே எடுத்துவையுங்கள்.

6. தழும்புகளும் மேன்டில் கோடும்

கீல் சொன்ன பதிலை இங்கே சரிபார்க்கிறோம். ஓட்டைச் சாய்ந்த ஒளியில் காட்டுங்கள். ஓட்டை மூடும் தசைகள் ஒட்டியிருந்த இரண்டு தழும்புகள் தெரியும். அவற்றை இணைத்தபடி, கீழ்விளிம்புக்கு இணையாக ஒரு மெல்லிய கோடு ஓடும். உடலைப் போர்த்தியிருந்த மேன்டில் சவ்வு ஒட்டியிருந்த இடம் அது.

மட்டிகள் பலவற்றில் இந்தக் கோடு பின்பக்கம் உள்நோக்கி ஒரு பையாக வளையும். மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்து வாழும் சிப்பி நீண்ட குழல்களை மேலே அனுப்பும். அவற்றை உள்ளிழுத்து வைத்துக்கொள்ள இடம் வேண்டும். அந்த இடத்தின் தடயம்தான் வளைவு. காக்கிள் மேற்பரப்புக்கு மிக அருகிலேயே வாழ்வதால் நீண்ட குழல் தேவையில்லை. கோடு வளையாமல் நேராகப் போகும். ரத்தக் காக்கிளுக்கு முறையான குழல்களே கிடையாது, ஆகவே அதிலும் வளைவு இல்லை.

வளைவு இருந்தால் காக்கிள் இல்லை என்று சொல்லிவிடலாம். வளைவு இல்லாவிட்டால் காக்கிள்தான் என்று சொல்ல முடியாது. முன்பு சொன்ன காஃப்ராரியத்தில் வளைவு ஏறக்குறைய இல்லாத அளவுக்கு ஆழம் குறைந்தது. கீலை முதலில் பார்க்கச் சொன்னது இதற்காகவும்தான்.

7. வரிகளை எண்ணுதல்

குடும்பம் உறுதியான பிறகே முதுகுக்கு வர வேண்டும். பேரினத்துக்கும் சிற்றினத்துக்கும் வரிகளின் எண்ணிக்கையும் அவற்றின் மேலுள்ள வேலைப்பாடும் உதவும்.

உச்சியருகே எண்ணாதீர்கள்; அங்கே வரிகள் நெருங்கியும் தேய்ந்தும் இருக்கும். கீழ்விளிம்பை ஒட்டி, முன்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஐந்தாவது வரி தோறும் பென்சிலால் ஒரு புள்ளி. முடித்ததும் ஓட்டைத் திருப்பி, உள்விளிம்பின் மேடுபள்ளங்களை எண்ணுங்கள். வெளி வரிகளும் உள்ளே தெரியும் மேடுபள்ளங்களும் ஒன்றுக்கொன்று ஈடாக வரும். இரண்டு எண்களும் பொருந்தாவிட்டால் மறுபடியும் எண்ண வேண்டியதுதான். பெரும்பாலும் விட்டுப்போவது பின்சரிவில் ஒளிந்திருக்கும் மெலிந்த வரிகள்.

ரத்தக் காக்கிளான டெகில்லார்கா கிரானோசாவுக்கு 15 முதல் 20 வரை வரிகள், பெரும்பாலும் 18 அளவில். வரிகள் அகலமானவை, இடையிலுள்ள பள்ளங்களும் அகலமானவை, ஒவ்வொரு வரியின் மேலும் தெளிவான முண்டுகள். வளர்ந்த ஓடு 6 செ.மீ. வரை சாதாரணமாகக் கிடைக்கும். அனடாரா இனெக்விவால்விஸுக்கு வரிகள் 30-ஐத் தாண்டும். எண்ணிக்கையில் இவ்வளவு இடைவெளி இருக்கும்போது, ஒன்றிரண்டு தப்பாக எண்ணினாலும் முடிவு மாறாது. ஆனால் டெகில்லார்கா ராம்பியா இந்த இரண்டுக்கும் நடுவே விழும். அங்கே அவசரம் கூடாது, இரண்டு ஓடுகளிலும் எண்ணுங்கள்.

ஐரோப்பியக் காக்கிளான செராஸ்டோடெர்மா எடூலேவுக்கு 22 முதல் 28 வரை வரிகள். அதன் நெருங்கிய உறவான செராஸ்டோடெர்மா கிளாகமும் அதே அளவில்தான் வரும், எண்ணிக்கை இங்கே கைகொடுக்காது. இதற்கு மறுபடி உட்புறம்தான்: எடூலேவில் உள்பள்ளங்கள் விளிம்பருகே தொடங்கிக் கொஞ்ச தூரத்திலேயே மங்கிவிடும், கிளாகத்தில் உச்சிவரை ஓடும்.

நம் கடலில் கிடைக்கும் கார்டியிடேக்களில் வரியின் மேல் இருப்பது முக்கியம். வாஸ்டிகார்டியத்தில் வரிகளின் மேல் செதில்கள். வெப்ரிகார்டியம் ஏஷியாட்டிகத்தில் வரிகளின் மேல் மெல்லிய தகடுகள் எழுந்து நிற்கும், தொட்டாலே ஒடியும். தகடு ஒடிந்த இடத்தில் நேரான ஒரு வெட்டுத்தழும்பு மிஞ்சும். கரையில் தேய்ந்து வழுவழுப்பான ஓட்டைப் பார்த்து “வேலைப்பாடு இல்லை” என்று எழுதும்முன், விளிம்பருகே லென்ஸால் ஒருமுறை தேடுங்கள். ஓடு கடைசியாக வளர்ந்தது அங்கேதான், தேய்மானம் குறைவாக இருக்கும்.

நிறத்தைக் குறித்துவைக்கலாம், ஆனால் அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். சேற்றில் கிடந்த ஓடு கறுத்திருக்கும், வெயிலில் கிடந்தது வெளுத்திருக்கும்.

8. உயிருள்ளது கைக்கு வந்தால்

கத்தியை நுழைத்துத் திறக்க வேண்டாம். கடல்நீரும் நாலு விரல் ஆழத்துக்கு மணலும் போட்ட தொட்டியில் வைத்து, சத்தமில்லாமல் காத்திருங்கள். கார்டியிடே என்றால் பின்பக்கத்தில் குட்டையான இரண்டு குழல்கள் வெளிவரும். அவற்றின் வாயோரத்தில் சிறு விழுதுகள் இருக்கும். ஒன்றின் வழியாக நீர் உள்ளே போய், செவுளில் நுண்பாசிகள் வடிகட்டப்பட்டு, மற்றொன்றின் வழியாக வெளியேறும். வளைந்த நீண்ட பாதத்தை மணலில் ஊன்றி உந்தித் துள்ளும் காட்சியைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

ரத்தக் காக்கிளில் இந்தக் குழல்கள் இல்லை. நீர் ஓட்டின் விளிம்பு வழியாகவே வந்து போகும். சமையலுக்கு வாங்கியதைத் திறந்தால் சிவப்புத் திரவம் வடிவதைக் காணலாம். அதன் ரத்த அணுக்களில் நம்மிடம் இருப்பது போன்றே ஹீமோகுளோபின் இருக்கிறது; ஆக்சிஜன் குறைந்த சேற்றில் பிழைக்க அது உதவுகிறது. கார்டியிடேக்களின் ரத்தம் நிறமற்றது. ஆனால் சிவப்பை மட்டும் பார்த்து டெகில்லார்கா என்று எழுதாதீர்கள். அனடாரா வகைகள் பலவற்றிலும் இதே சிவப்பு உண்டு.

ஒரு எச்சரிக்கை. திறந்து பார்த்ததை அரைவேக்காடாகச் சாப்பிட வேண்டாம். வடிகட்டித் தின்னும் விலங்கு, நீரில் கலந்த கழிவின் கிருமிகளையும் சேர்த்தே தேக்கிவைக்கும். 1988-இல் ஷாங்காயில் சரியாக வேகாத ரத்தக் காக்கிள் வகையால் ஹெப்படைட்டிஸ் ஏ பரவி ஏறக்குறைய 3 லட்சம் பேர் நோயுற்றார்கள்.

9. வகைப்பாட்டில் இடமும் பெயரும்

இப்போது ஏணியை மேலிருந்து எழுதலாம். இரண்டுமே மொல்லஸ்கா தொகுதி, பைவால்வியா வகுப்பு. அதற்கு அடுத்த படியிலேயே பிரிந்துவிடுகின்றன. ரத்தக் காக்கிள் டெரியோமார்ஃபியா பிரிவில், ஆர்சிடா வரிசையில், ஆர்சிடே குடும்பத்தில் வருகிறது. அசல் காக்கிள் ஹெட்டெரோடோன்டா பிரிவில், கார்டியிடா வரிசையில், கார்டியிடே குடும்பத்தில் வருகிறது. தூத்துக்குடி முத்துச்சிப்பி டெரியோமார்ஃபியாவைச் சேர்ந்தது. ஆக, ரத்தக் காக்கிளுக்கு அசல் காக்கிளைவிட முத்துச்சிப்பி நெருங்கிய உறவு.

கார்டியிடே என்றால் உருண்டையாகத்தான் இருக்கும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். முன்பின்னாக நசுங்கிய கார்குலம் இங்கேதான் வருகிறது. முன்பு தனிக்குடும்பமாக வைக்கப்பட்டிருந்த ராட்சதச் சிப்பிகளும் இப்போது இதன் துணைக்குடும்பமாக வைக்கப்படுகின்றன. பழைய புத்தகத்தில் ட்ரிடாக்னிடே என்று பார்த்தால் குழம்ப வேண்டாம்.

பெயர்களும் இப்படித்தான் நகர்ந்திருக்கின்றன. லின்னேயஸ் 1758-இல் ஆர்கா கிரானோசா என்று வைத்த பெயர், பிறகு அனடாரா கிரானோசா ஆகி, இப்போது டெகில்லார்கா கிரானோசா. கார்டியம் எடூலே, செராஸ்டோடெர்மா எடூலே ஆனது. பெயருக்குப் பின்னால் ஆசிரியரின் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் இருந்தால், முதலில் வேறு பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தது என்று பொருள். அந்தக் குறியை அலங்காரமாகச் சேர்க்கவோ நீக்கவோ கூடாது.

எழுதும் முன் வோர்ம்ஸ் எனப்படும் உலகக் கடல் உயிரினப் பதிவேட்டின் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள். ஏற்கப்பட்ட பெயர் எது, பழைய பெயர்கள் எவை என்று அங்கே தெரியும். பழைய கட்டுரைகளைத் தேட வேண்டுமானால் பழைய பெயர்களையும் சேர்த்துத் தேடுங்கள். மீன்வள ஆய்வுகளில் பெரும்பகுதி இன்னும் அனடாரா கிரானோசா என்ற பெயரிலேயே கிடக்கிறது.

சிற்றினம் உறுதியாகாவிட்டால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அது தோல்வி ஆகாது. தவறான சிற்றினப் பெயர்தான் பின்னால் வருகிறவர்களை அலைக்கழிக்கும்.

10. வயதைக் கணக்கிடலாமா?

குளிர்நாட்டுக் காக்கிளில் குளிர்காலத்தில் வளர்ச்சி நின்று ஒரு வளையம் விழும், அதை எண்ணி வயது சொல்வார்கள். நம் கரையில் அப்படிப்பட்ட குளிர்காலம் இல்லை. மழைக்கால நன்னீர், முட்டையிடும் பருவம், எதனாலும் வளர்ச்சி தடைபட்டு வளையம் விழலாம். எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள், அதை ஆண்டாக மாற்றாதீர்கள்.

11. பதிவும் பாதுகாப்பும்

சீட்டில் இருக்க வேண்டியவை: இடம், தேதி, கிடைத்த சூழல், பொறுக்கியவர். பெயர் இவற்றுக்குப் பிறகுதான். பெயரைப் பின்னால் திருத்தலாம். இடத்தைத் திருத்த வழியில்லை. அறிவியல் பெயரை ரோமன் எழுத்திலேயே எழுதுங்கள், தமிழ் ஒலிபெயர்ப்பு ஆளுக்கொரு விதமாக இருக்கும். நீளம், உயரம், ஜோடியாக மூடிய தடிப்பு ஆகிய மூன்றையும் மில்லிமீட்டரில் அளந்து குறிக்கவும்.

ஜோடியின் இரண்டு ஓடுகளுக்கும் ஒரே எண். எண்ணை உட்புறத்தில், தழும்பும் கோடும் இல்லாத நடுப்பகுதியில் பென்சிலால் எழுதுங்கள். சீட்டு பைக்குள்ளேயே இருக்கட்டும். வெளியே ஒட்டினால் உதிர்ந்துவிடும்.

மரப்பெட்டியும் அட்டைப்பெட்டியும் வேண்டாம். அவற்றிலிருந்து கசியும் அமில ஆவி ஈரக்காற்றோடு சேர்ந்து ஓட்டை அரித்து, மேலே வெள்ளைப் பொடியைப் பூக்கவைக்கும். பூஞ்சை என்று நினைத்துத் துடைத்துவிட்டு அதே பெட்டியில் திரும்ப வைப்பதைப் பார்த்திருக்கிறேன். நன்றாகக் கழுவி, முழுக்க உலர்த்தி, பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றினால்தான் அரிப்பு நிற்கும்.